கடைசி வீடு வரை



சென்ற மாதம் ஒரு மாலை, பாடம் முடிந்து மாணவர்கள் யாவரும் கலைந்த பின்னரும் ஒரு மாணவர் மட்டும் கிதாபை மூடி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். என்ன செய்தி என்று கேட்டேன். "ஹஜ்ரத், எங்கள் ஊரில் இணையம் சரியாக வருவதே இல்லை. கம்பி இழுத்துக் கொடுங்கள் என்று கேட்டால், உங்கள் ஊரில் வீடுகள் குறைவு, செய்தால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். என் தங்கை ஒரு தேர்வு விண்ணப்பம் அனுப்புவதற்குப் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வருகிறாள். கட்டுப்படியாகாத ஊரில் பிறந்தவர்கள் என்னதான் செய்வது?" என்றார்.

அன்று அவருக்கு உரிய பதிலை என்னால் சொல்ல இயலவில்லை. "பொறுமையாக இரு தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிய பின்பு மனம் உறுத்திற்று. பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று. முயற்சியின் நடுவே தளராதிருப்பதே பொறுமை என்று வகுப்பில் பலமுறை சொன்னவன் நான். ஆகவே, இத்தகைய நிலையில் இருந்த ஊர்கள் வேறெங்கேனும் ஏதேனும் செய்திருக்கின்றனவா என்று தேடிப் படித்தேன். படித்தவற்றுள் ஓர் ஊர்க்கூட்டத்தின் வரலாறு என்னை வெகுவாகக் கவர்ந்தது. அதனையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கு

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் வடபகுதியில் லூன் என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய மேட்டு நிலங்களில் ஆடு மாடு வளர்ப்போர் வாழும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் இடையே வயல்களும் கல்சுவர்களுமாக நெடுந்தூரம் இருக்கும்.

தொலைபேசிக்காக எப்போதோ இழுத்த செப்புக் கம்பி வழியேதான் இவ்வீடுகளுக்கு இணையம் வர வேண்டியிருந்தது. செப்புக் கம்பியின் இயல்பு யாதெனில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதில் வரும் சைகை மெலிந்துகொண்டே போகும். நிலையத்துக்கு அருகில் இருப்பவருக்கு வேகமாக வருவது, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சொட்டுச் சொட்டாக வரும். சில வீடுகளுக்கு வரவே வராது. கண்ணாடியிழையில் இந்தக் குறை இல்லை. முடியைப் போன்ற மெல்லிய கண்ணாடி இழையினுள் ஒளியைச் செலுத்தினால் அது பல கிலோமீட்டர் தூரம் வலிமை பெரிதும் குன்றாமல் சென்று சேரும். ஆகவே கடைக்கோடிப் பண்ணைக்கும் நகரத்து அலுவலகத்துக்கும் ஒரே வேகத்தைத் தர முடியும்.

ஆனால் பெருநிறுவனங்கள் அங்கே கண்ணாடியிழை கொண்டுவர முன்வரவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கு முன் அவர்கள் போட்ட கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். இழையின் விலை பெரிதன்று. அதைப் புதைப்பதற்கு மண்ணைத் தோண்டுவதுதான் பெருஞ்செலவு. நகரத்தில் நூறு மீட்டர் தோண்டினால் பத்து இருபது வீடுகள் கிடைக்கும். இங்கே ஒரு கிலோமீட்டர் தோண்டினாலும் ஒரே வீடுதான். போட்ட பணம் சில ஆண்டுகளுக்குள் இலாபத்தோடு திரும்பி வர வேண்டும் என்று பார்க்கும் நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பது உண்மையே.

ஊரார் போட்ட கணக்கு

அப்பகுதி மக்கள் 2011ஆம் ஆண்டு ஒன்றுகூடி, 'பிராட்பேண்ட் ஃபார் த ரூரல் நார்த்' என்னும் பெயரில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். சுருக்கமாகப் 'பார்ன்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் தானியக் களஞ்சியம் என்று பொருள். உழவர் வாழும் ஊருக்குப் பொருத்தமான பெயர். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலைப்பின்னல் துறையில் நீண்ட அனுபவம் பெற்றிருந்த பாரி ஃபோர்டே என்பவரும், ரே என்னும் சிற்றூரில் ஓர் உழவரின் மனைவியான கிறிஸ் காண்டர் என்ற அம்மையாரும் இம்முயற்சியின் முன்னணியில் நின்றார்கள். ஒருவரிடம் நுட்ப அறிவு இருந்தது; மற்றவரிடம் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசி இசைய வைக்கும் ஆற்றல் இருந்தது. இரண்டில் எது இல்லாதிருந்தாலும் இவ்வேலை நடந்திராது என்றே நான் எண்ணுகிறேன்.

முதற்கட்டமாக எட்டுத் திருச்சபைக் கிராமங்களில் ஏறத்தாழ 1,400 வீடுகளுக்கு இழை கொண்டுசெல்வது என்று திட்டம் வகுத்தார்கள். மொத்தச் செலவு 18 இலட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் என்று மதிப்பிட்டார்கள். வீட்டுக்கு வீடு பங்கிட்டுப் பார்த்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 1,300 பவுண்டு ஆகிறது. அவர்கள் வைத்த மாதக் கட்டணம் 30 பவுண்டு. ஆண்டுக்கு 360 பவுண்டு. அதாவது, பராமரிப்புச் செலவு ஒன்றையும் கழிக்காமலேயே போட்ட முதல் திரும்ப நான்கு ஆண்டுகளுக்கு அருகில் ஆகும். இது அவசரப்படும் பணத்துக்கு ஏற்ற தொழிலன்று. பொறுத்திருக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் யாரிடம் இருக்கும்? அந்தக் கம்பியால் பயன்பெறப் போகிறவர்களிடம்தான் இருக்கும்.

எனவே 2011 டிசம்பரில் பங்கு வெளியீட்டை அறிவித்தார்கள். ஒரு பங்கின் விலை 1 பவுண்டு. குறைந்தது 100 பங்குகள் வாங்க வேண்டும். 1,500 பவுண்டு போட்டவர்களுக்கு இணைப்பும் ஓராண்டுச் சேவையும் இலவசம் என்ற சலுகையும் வைத்தார்கள். புதுத் தொழில்களில் முதலிடுவோர்க்கு அந்நாட்டு அரசு அளிக்கும் 30 விழுக்காடு வருமான வரிச் சலுகையும் அவர்களுக்குக் கிடைத்தது. ஓய்வூதியக்காரர்களும் உழவர்களும் கடைக்காரர்களும் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். திட்டம் தோற்றால் அப்பணம் திரும்பி வராது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தார்கள்.

மண்வெட்டியும் பங்குத்தொகைதான்

பணம் மட்டும் போதாது. செலவைக் குறைத்தால்தான் கணக்கு நேராகும். இங்கேதான் ஊரின் வலிமை வெளிப்பட்டது.

வெளியிலிருந்து வரும் நிறுவனம் சாலையோரமாகத் தோண்ட வேண்டும். தார்ச்சாலையை உடைத்து மீண்டும் போட வேண்டும். போக்குவரத்தை நிறுத்த அனுமதி பெற வேண்டும். இவர்களோ சாலையை விட்டுவிட்டு வயல்களுக்குக் குறுக்கே போனார்கள். தம் நிலத்தின் அடியில் குழாய் செல்வதற்கு நில உடைமையாளர்கள் பணம் வாங்காமலே இசைவு அளித்தார்கள். ஏரைப் போன்ற ஒரு கருவியை டிராக்டரில் பூட்டி, மண்ணைக் கீறிக்கொண்டே நெகிழிக் குழாயைப் பதித்துச் சென்றார்கள். கல்சுவர் குறுக்கிட்ட இடங்களில் சுவரடியில் துளையிட்டார்கள். குழாய் புதைந்த பின், அதன் ஒரு முனையில் காற்றை அழுத்திச் செலுத்த, அந்தக் காற்றோடு கண்ணாடியிழை குழாயினுள் மிதந்து மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. இழைகளின் நுனிகளை உருக்கி ஒட்டும் நுண்ணிய வேலையையும் ஊர்க்காரர்களே பயின்று செய்தார்கள்.

தத்தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டுவது அவரவர் பொறுப்பு. முடியாத முதியவர்களுக்கு அண்டை வீட்டார் தோண்டிக் கொடுத்தார்கள். வேலை செய்தவர்களுக்குக் கூலிக்குப் பதிலாகப் பங்குகள் தரும் ஏற்பாடும் இருந்தது. கையில் பணம் இல்லாதவரும் உழைப்பைக் கொடுத்துப் பங்காளியாகலாம். வேலைக்கு வந்தவர்களுக்குத் தேநீரும் கேக்கும் செய்துகொண்டு வந்த பெண்மணிகளின் பங்கும் சிறிதன்று.

2012ஆம் ஆண்டு குவெர்ன்மோர் என்னும் ஊரில் வேலை தொடங்கியது. அங்கிருந்து மான்செஸ்டர் நகரம் வரை வாடகைக்கு எடுத்த இழை வழியே வெளியுலகத்தோடு இணைத்தார்கள். வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம். பெறுவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே வேகம். இலண்டன் மாநகரத்து வீடுகளில் மிகப் பலவற்றுக்கு அந்நாளில் கிடைக்காத வேகம் ஆட்டுப்பட்டி வைத்திருந்த வீடுகளுக்குக் கிடைத்தது.

நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒன்று செய்தார்கள். ஏரிக்கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவார்கள். தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். ஆகவே உழைப்பும் எல்லாருடையது. அதே நியாயம்தான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

ஒருவருக்கு ஒரு வாக்கு

பொதுப் பணத்தில் தொடங்கிய பல காரியங்கள் தொடங்கிய வேகத்தில் முடங்கிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் பணம் குறைவதால் அவை முடங்குவதில்லை. நம்பிக்கை குறைவதால் முடங்குகின்றன. ஆதலால் இச்சங்கத்தின் சட்டதிட்டங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒருவர் 100 பங்கு வைத்திருந்தாலும் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குதான். பங்குகளைச் சந்தையில் விற்க முடியாது. மூன்று ஆண்டுகள் கழித்து, சங்கத்தின் நிதிநிலை இடந்தருமானால், போட்ட தொகையைத் திரும்பக் கேட்கலாம். எனவே வெளியூர்ச் செல்வர் எவரும் பங்குகளை வாங்கிக் குவித்துச் சங்கத்தைக் கைப்பற்ற வழியில்லை. சமூக நன்மைக்கான சங்கம் என்று பதிவு செய்யப்பட்டிருப்பதால், அதன் சொத்தை விற்று உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளவும் முடியாது. உபரி வருமானம் சமூகத்தின் நன்மைக்கே போக வேண்டும். அப்பகுதியின் பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஊர் மன்றங்களுக்கும் இலவசமாக இணைப்பு வழங்கியிருக்கிறார்கள்.

இந்த விதிகள் திடீரென்று முளைத்தவையல்ல. அதே லங்காஷயரின் தெற்கே ராச்டேல் என்னும் நெசவாளர் நகரம் உண்டு. அங்கே 1844ஆம் ஆண்டு எளிய மக்கள் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு வீதம் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலப்படமின்றி விற்க ஒரு சிறு கடையைத் தொடங்கினார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியை அவர்கள் வகுத்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் தாய்வீடாகக் கருதுகிறது. மாவு விற்ற விதியிலேயே ஒளியிழையும் ஓடுகிறது.

இன்னொரு விதியே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஓர் ஊருக்குப் போனால் அவ்வூரின் எல்லா வீடுகளையும் எட்டுவதே அவர்களின் நோக்கம். சாலையோரத்து எளிதான வீடுகளை எடுத்துக்கொண்டு மலைமேல் உள்ள வீட்டை விட்டுவிடுவது கூடாது. அருகில் இருப்பவரின் கட்டணமும் தொலைவில் இருப்பவரின் கட்டணமும் ஒன்றே. அருகில் இருப்பவர் தொலைவில் இருப்பவரின் சுமையில் கொஞ்சத்தைத் தாம் தாங்கிக்கொள்கிறார். அண்டை வீட்டாரின் உரிமை என்று நாம் பாடம் நடத்துகிறோமே, அதன் பொருள் இதுவன்றி வேறென்ன?

இடர்கள்

எல்லாம் தேனும் பாலுமாக நடந்துவிட்டது என்று எழுதினால் நான் உங்களுக்கு நேர்மை செய்தவனாக மாட்டேன்.

டால்ஃபின்ஹோம் என்னும் ஊரில், மக்கள் தம் பணத்தில் இழை போட முனைந்திருந்தபோது, அரசு மானியம் பெற்ற பெருநிறுவனத்தின் திட்டமும் அதே பகுதிக்கு வந்தது. பல்லாண்டு காலம் கட்டுப்படியாகாதிருந்த ஊர் திடீரென்று கட்டுப்படியாகிவிட்டது! ஊரார் போட்ட கணக்கு ஆட்டங்கண்டது. பெரும் சர்ச்சை எழுந்தது. ஆயினும் சங்கத்தார் பணியைக் கைவிடவில்லை.

தன்னார்வத் தொண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. குழி தோண்டுவதற்கு ஊர் திரளும். நள்ளிரவில் இழை அறுந்தால் ஓடி வருவதற்கு ஊதியம் பெறும் ஊழியர் வேண்டும். ஆகவே வளர வளரச் சங்கம் சம்பள ஊழியர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அரசின் உதவியும் கலந்தது. 2019 முதல், நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டுக்கு 1,500 பவுண்டு வரையும் சிறுதொழில் ஒன்றுக்கு 3,500 பவுண்டு வரையும் அந்நாட்டு அரசு உதவிச் சீட்டு அளித்தது. புதிய ஊர்களுக்குச் செல்லச் சங்கம் அதனைப் பயன்படுத்திக்கொண்டது. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளோடு அண்டை மாவட்டங்களுக்கும் அது பரவியிருக்கிறது. தாமே தொடங்கியவர்களுக்குத்தான் அரசின் கையும் நீண்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகளின் கதவுகள் அடைபட்டபோது, இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு நின்றதை நாம் அனைவரும் கண்ணால் கண்டோம். வசதிக்குரிய பொருளாக நாம் எண்ணியிருந்தது கல்விக்கு வழியாகவும் மருத்துவரைக் காணும் வாசலாகவும் மாறிவிட்டது. அந்த வாசல் வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திறக்கப்படுவது நியாயமாகுமா?

வட்டியைப் பற்றி ஒரு சொல்

இதனைப் படிக்கும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். சங்கத்தார் பங்குக்கு ஆதாயம் கொடுப்பார்களே, அது வட்டியா? மூன்றாம் ஆண்டுக்குப் பின் 5 விழுக்காடு வரை கொடுப்பது என்பது அவர்களின் நோக்கமாக இருந்தது. அந்நாட்டுச் சட்டமும் அதனை வட்டி என்றே அழைக்கிறது. ஆனால் வருமானம் இருந்தால் மட்டுமே கொடுக்கலாம். நட்டம் வந்தால் முதலும் போகலாம். நட்டத்திலும் பங்குகொள்ளும் கூட்டு முதலீட்டுக்கும், எது நடந்தாலும் இவ்வளவு தந்தாக வேண்டும் என்ற கடனுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஃபிக்ஹு நூல்கள் முஷாரகா, முளாரபா என்னும் தலைப்புகளில் விரிவாகப் பேசுகின்றன. பெயரை மட்டும் பார்த்துத் தள்ளவும் வேண்டாம். பெயரை மட்டும் மாற்றிக் கொள்ளவும் வேண்டாம். இத்தகைய காரியத்தில் இறங்குவோர் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே தகுந்த ஆலிம்களிடம் எழுத்தைக் காட்டித் தீர்ப்புப் பெறுவதே முறை.

பிற நாடுகளில்

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் ஒசோனா என்னும் வட்டாரத்து மக்கள் 2004இல் வேறொரு வழியைக் கண்டார்கள். வீட்டுக் கூரையில் ஒரு சிறு ஆன்டெனாவை வைத்து, அடுத்த வீட்டுக் கூரையோடு கம்பியின்றி இணைத்தார்கள். அவர் அடுத்தவரோடு இணைத்தார். 'குயிஃபி.நெட்' என்னும் அந்த வலை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்களாக வளர்ந்தது; 2008இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. தன் ஆன்டெனா வழியே அடுத்தவரின் செய்தி கடந்து செல்ல ஒவ்வொருவரும் இடந்தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அமெரிக்காவில் 1930களின் நடுவே பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அங்கும் மின் நிறுவனங்கள் சொன்ன காரணம், கட்டுப்படியாகாது என்பதே. 1936ஆம் ஆண்டு கிராம மின்மயச் சட்டம் வந்தது. உழவர்கள் ஆளுக்கு ஐந்து டாலர் அளவில் உறுப்பினர் கட்டணம் கட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அரசிடம் கடன் பெற்றுத் தாமே கம்பம் நட்டார்கள். இருபது ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மேல் விளக்கெரிந்தது. அச்சங்கங்களில் பல இன்று அதே கம்பங்களில் கண்ணாடியிழையையும் இழுக்கின்றன.

மாணவருக்குச் சொன்ன பதில்

இவற்றையெல்லாம் படித்த பின் அந்த மாணவரை அழைத்து உட்கார வைத்துச் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் மகிழ்ச்சியும் பின்பு ஐயமும் தோன்றின. "அது வசதியுள்ள நாடு, ஹஜ்ரத். எங்கள் ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது?" என்றார்.

"தம்பி, அந்நாட்டுச் சட்டம் வேறு, நம் நாட்டுச் சட்டம் வேறு, அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. உரிமம் யாரிடம் பெற வேண்டும், அரசின் திட்டம் எது உங்கள் ஊரை எட்டும் என்பதையெல்லாம் விசாரித்தறிய வேண்டும். ஆனால் எந்த நாட்டிலும் மாறாதவை சில உண்டு. முதலில் உன் ஊரில் எத்தனை வீடுகள், அவற்றில் எத்தனை வீட்டார் மாதந்தோறும் கட்டணம் கட்ட ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுது. கணக்குப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்டும் ஒருவரைத் தேடு. பணக்காரரின் வாக்கும் ஏழையின் வாக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஊர்க்கோடியில் எந்த வீடு இருக்கிறதோ, அந்த வீட்டை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கு. அந்தக் கணக்கோடு போய்க் கேட்கும் ஊரை எவரும் எளிதில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஊர்க்கோடியில் இருப்பது எங்கள் வீடுதான், ஹஜ்ரத்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஊருக்குப் புறப்பட்டவர் என்னிடம் வந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். கொடுத்தனுப்பினேன். அதில் எத்தனை வீடுகளின் பெயர் எழுதப்பட்டு வருகிறது என்று நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நோட்டைத் திறக்கும் இளைஞர் இருப்பாரானால், அவர் கதவைத் தட்டும்போது உட்கார வைத்துப் பேசுங்கள். இறைவன் நாடினால் அடுத்த மாதம் சந்திப்போம்.